சடைச்சியின் முட்களும் சவ்வாதுராயரின் சலுகையும்

ஆனைமடுக் குளத்தின் கரையில், பெரிய பாறைகளுக்கு அடியில், சடைச்சி என்ற முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தாள். கிழங்கு தோண்டுவதில் அந்தக் காட்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் முதுகு முட்களைப் பார்த்தால் சிறுத்தைகூடச் சற்றுத் தள்ளித்தான் நடக்கும்.

இப்படி வாழ்ந்தவள் கடனில் மாட்டிக்கொண்டது ஒரு காதுகுத்து விழாவால்.

முள்ளம்பன்றிக் குட்டிக்குக் காது குத்த என்ன செலவு? அம்மாவின் முதுகிலிருந்தே ஒரு முள்ளை எடுத்துக் குத்தினால் தீர்ந்தது. ஆனால் சடைச்சிக்கு அது கௌரவமாகப் படவில்லை.

"மயில் வீட்டு விசேஷத்துக்குக் காடே திரண்டு வந்தது. நாம மட்டும் மூலையில உட்கார்ந்து குத்திட்டு எழுந்தா நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றாள்.

கரடி கருப்பணனிடம் தேன் கடன் வாங்கினாள். நீர்நாய் நல்லானிடம் மீன் கடன் வாங்கினாள். அணில் சிட்டம்மாவிடம் முந்திரிப் பழமும் கொட்டையும் கடன் வாங்கினாள். எல்லாவற்றையும் கிழங்காகத் திருப்பித் தருவதாகப் பேச்சு. நீர்நாய் கிழங்கு தின்னாது. ஆனாலும் வட்டி என்றால் நல்லான் எதையும் வாங்கிக்கொள்வான்.

விழா தடபுடலாக நடந்தது. தவளைகள் மேளம் வாசித்தன. காது குத்துவதற்கு மரங்கொத்தி ஆசாரி வந்திருந்தார். அவர் தொழில் பழக்கத்தில் முதலில் குட்டியின் மண்டையை 'டொக் டொக்' என்று தட்டிப் பார்த்தார். குட்டி அலறிக்கொண்டு வளைக்குள் ஓடியது. அன்று முழுக்க வெளியே வரவில்லை. வந்தவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள், வாழ்த்தினார்கள், கிளம்பினார்கள். காது மட்டும் குத்தவில்லை.

கடன் மிச்சம் நின்றது.

அந்த வருஷம் மழை தவறியது. மண் பாறையாக இறுகிப்போனது. நாள் முழுவதும் தோண்டினாலும் குட்டிக்கும் தனக்கும் போதுமான கிழங்குதான் கிடைத்தது. வட்டிக்கு வட்டி ஏறியது. கருப்பணனுக்குக் கொடுக்க நல்லானிடம் வாங்கினாள். நல்லானுக்குக் கொடுக்கச் சிட்டம்மாவிடம் வாங்கினாள். யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நினைத்தாலே அவளுக்குத் தலை சுற்றியது. விடிந்தால் யார் குரல் கேட்குமோ என்று தூக்கம் வராமல் புரண்டாள். முள் உள்ளவர்கள் புரண்டு படுப்பது லேசான காரியம் இல்லை. பக்கத்தில் படுத்த குட்டிதான் பாவம்.

ஒருநாள் காலை இரண்டு கிளிகள் குளத்துக்கு மேலே கத்திக்கொண்டு பறந்தன.

"கடனா? கவலையா? ஆலமரத்தடிக்கு வாங்க! கடன் காணாமல் போகும்! சலுகை இன்று மாலை வரை மட்டுமே!"

சடைச்சி நிமிர்ந்து பார்த்தாள். "ஏ கிளி! நேத்தும் இதையேதானே கத்தினீங்க?"

"நேற்றைய மாலை வேறு! இன்றைய மாலை வேறு!" என்றது ஒரு கிளி.

அது சரிதானே என்று சடைச்சிக்குத் தோன்றியது. மனசு நொந்திருக்கும்போது எது சொன்னாலும் சரியாகத்தான் தோன்றும். உடனே கிளம்பிவிட்டாள்.

ஆலமரத்தடிக்கு எட்டும் முன்பே கமகமவென்று வாசனை வந்தது. மரத்தடியில் வாழையிலை விரித்து, அதன்மேல் ஒரு புனுகுப்பூனை சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மீசையை நீவிவிட்டுக்கொண்டு எழுந்து நின்று கும்பிட்டது.

"வாங்கம்மா, வாங்க! நான்தான் சவ்வாதுராயர். அனைத்துக்கடன் அடைப்பு நிலையத்தின் தலைவர். பாவம், எவ்வளவு இளைச்சுப் போயிட்டீங்க!"

சடைச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. காதுகுத்துக்குப் பிறகு அவளிடம் யாரும் 'எப்படி இருக்கே' என்றுகூடக் கேட்டதில்லை. 'எப்போ தருவே' என்றுதான் கேட்டார்கள்.

"ஐயா, மூணு பேர்கிட்ட வாங்கி மாட்டிக்கிட்டேன்," என்று ஆரம்பித்தாள்.

"விவரமே வேண்டாம்!" என்று கையமர்த்தினார் சவ்வாதுராயர். "மூணு கடனையும் ஒரே கடனா ஆக்குவேன். அப்புறம் அந்த ஒண்ணையும் இல்லாம ஆக்குவேன்!"

"எப்படிங்க?"

"அது தொழில் ரகசியம். நம்பிக்கை இல்லையா? இதைப் பாருங்க!" ஒரு தேக்கிலையைத் தூக்கிக் காட்டினார். அதன் நடுவே வட்டமாக ஒரு அழுத்தம் பதிந்திருந்தது. "யானையாரே தன் காலால் முத்திரை வைத்த அனுமதி!"

சடைச்சி பயபக்தியோடு அதைக் கும்பிட்டாள். யானையார் அந்தக் காட்டுக்கே பெரியவர். அவர் கால் பட்ட இலை என்றால் சும்மாவா?

"கட்டணம் எவ்வளவுங்க?"

"கட்டணமா! உங்ககிட்டேயா! சேர்க்கைக்கு ஒரே ஒரு முள் கொடுங்க, போதும்."

'முதுகு நிறைய முள் இருக்கு, ஒண்ணு போனால் என்ன?' என்று நினைத்தாள் சடைச்சி. திரும்பி நின்றாள். சவ்வாதுராயர் ஒரு முள்ளைப் பற்றிச் சுள்ளென்று இழுத்தார்.

"ஆ! வலிக்குதுங்க!"

"அது கடன் போகிற வலி!" என்றார் அவர்.

வீட்டுக்குத் திரும்பும்போது சடைச்சிக்கு நடையே துள்ளியது. சவ்வாதுராயர் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்திருந்தார். கடன் கொடுத்தவர்களோடு இனி ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. எல்லாவற்றையும் நிலையமே பேசிக்கொள்ளும்.

மறுநாள் கரடி கருப்பணன் வளை வாசலில் வந்து நின்று, "சடைச்சி! ஏ சடைச்சி!" என்று கூப்பிட்டான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சடைச்சி வீட்டில் இல்லை!"

"அப்போ பேசுறது யாரு?"

சடைச்சி கொஞ்சம் யோசித்தாள். "அவளும் வீட்டில் இல்லை!"

கருப்பணன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தான். ஏதோ சரியில்லை என்று பட்டது, ஆனால் எது என்று பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஆலமரத்தடிக்குப் போகாத நாளே இல்லை. ஒருநாள் பரிசீலனைக்கு ஒரு கொத்து முள் கேட்டார்கள். இன்னொரு நாள் மறுபரிசீலனைக்கு ஒரு கொத்து. கோடை காலக் கட்டணம் என்றார்கள், கொடுத்தாள். கோடையில் மழைக்காலக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டினால் லாபம் என்றார்கள், அதையும் கொடுத்தாள்.

"ஐயா, கடன் எப்போ அடையும்?" என்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

சவ்வாதுராயரின் முகம் வாடியது. "என்னம்மா இது? அடையப் போகிற நேரத்தில் அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுக்கப் பார்க்கிறீங்களே! இப்போ நிறுத்தினா, கொடுத்த முள் எல்லாம் வீண்."

ஐயோ, கொடுத்த முள் வீணாகிவிடுமே என்று பயந்து இன்னும் ஒரு கொத்துக் கொடுத்தாள்.

முதுகு வழுக்கையாகிக்கொண்டே வந்தது. குளத்தில் தண்ணீர் குடிக்கக் குனிந்தவள் தன் நிழலைப் பார்த்து, "யாருங்க அது, பெருச்சாளியா?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. அது தான்தான் என்று புரிந்ததும் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். காற்று அடித்தது. முதுகில் குளிர் ஏறியது. பிறந்ததிலிருந்து அவள் முதுகில் குளிர்பட்டதே இல்லை. ஆனாலும், 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் கொஞ்சம்தானே' என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் சவ்வாதுராயர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"நல்ல செய்தி! கடைசிக் கட்டம்! ஒரு சரிபார்ப்பு மட்டும் பாக்கி. உங்க வளைக்குப் பின்வாசல் உண்டில்லையா? அது எங்கே இருக்கு?"

சடைச்சி திடுக்கிட்டாள். பின்வாசல் என்பது உயிர். ஆபத்து வந்தால் தப்பிக்கிற ஒரே வழி. பெற்ற குட்டிக்குக்கூடச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொல்லியிருந்தாள்.

"அதை யார்கிட்டேயும் சொல்லக் கூடாதுங்களே!"

"ரொம்பச் சரி!" என்றார் சவ்வாதுராயர். "யாரிடமும் சொல்லாதீங்க! எங்களிடம் மட்டும் சொல்லுங்க!"

"யாரிடமும் சொல்லாதீர்கள்! எங்களிடம் மட்டும் சொல்லுங்கள்!" என்று கிளிகளும் கிளையிலிருந்து கூவின.

இவ்வளவு எச்சரிக்கையாக இருப்பவர்களை நம்பாமல் யாரை நம்புவது? ஈச்சம் புதருக்குப் பின்னால், சரிந்த பாறைக்கு அடியில் என்று சடைச்சி சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப விழுங்குவது?

அடுத்த நாள் விடிந்ததும் விடியாததுமாக முன்வாசலில் ஒரே சத்தம். கருப்பணன், நல்லான், சிட்டம்மா மூவரும் சேர்ந்தே வந்திருந்தார்கள்.

"சடைச்சி மதினி! நீ உள்ளேதான் இருக்கே, எங்களுக்குத் தெரியும்!" என்று கீச்சுக்குரலில் கத்தினாள் சிட்டம்மா.

சடைச்சி மூச்சுக் காட்டாமல் குட்டியை அணைத்துக்கொண்டாள். அப்போது பின்வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது. மிகவும் மரியாதையான குரல்.

"அம்மா, உள்ளே வரலாமா? சவ்வாதுராயர் அனுப்பினார்."

சடைச்சிக்கு உயிர் வந்தது. "வாங்க, வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க! கடன் விஷயமாத்தானே?"

"ஒருவகையில் அப்படித்தான். முள்ளெல்லாம் போய்விட்டதாமே? உண்மையா?"

"ஆமாங்க, வாலில் நாலஞ்சு மட்டும் இருக்கு. அதையும் வேணும்னா எடுத்துக்குங்க."

"வேண்டாம், வேண்டாம். தொண்டையில் சிக்கும்."

தொண்டையா? சடைச்சி திரும்பிப் பார்த்தாள். பின்வாசலில் இரண்டு மஞ்சள் கண்கள். நீண்ட மீசை. அதற்குக் கீழே ஒரு பெரிய வாய். சிறுத்தை!

குட்டியை வாயில் கவ்விக்கொண்டு ஒரே பாய்ச்சலில் முன்வாசல் வழியே வெளியே விழுந்தாள். நேராகக் கருப்பணன் காலடியில் போய் விழுந்தாள்.

கருப்பணன் குனிந்து பார்த்தான். "யாரும்மா நீ? சடைச்சி உள்ளே இருக்காளா?"

"அண்ணாச்சி! நான்தான் சடைச்சி!"

"நீயா! முள் எங்கே?"

பதில் சொல்ல நேரமில்லை. பாறையைச் சுற்றிக்கொண்டு சிறுத்தை வந்துவிட்டது.

"எல்லாரும் தள்ளிக்கொள்ளுங்கள்," என்றது அது. "இந்த அம்மாவும் நானும் பேசி முடித்த விஷயம் இது."

நீர்நாய் நல்லான் தண்ணீரை நோக்கி நழுவினான். சிட்டம்மா மரத்தில் பாதி ஏறிவிட்டாள். கருப்பணன்கூட ஒரு அடி பின்வாங்கினான். சடைச்சி குட்டியைத் தன் வயிற்றுக்கு அடியில் தள்ளினாள். முதுகைச் சிலிர்த்துப் பார்த்தாள். சிலிர்க்க அங்கே ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தது வாய் ஒன்றுதான்.

"அண்ணாச்சி, போயிட்டு வரேன்!" என்று உரக்கச் சொன்னாள். "இவர் என்னைத் தின்னப் போறாராம். உங்க தேன் பாக்கியை இனி இவர்கிட்டேயே வாங்கிக்குங்க! நல்லா, உன் மீன் பாக்கியையும்! சிட்டம்மா, உனக்கும் இவர்தான்! என்னை விழுங்குறவர் வயித்துக்குள்ள என் கடனும் சேர்ந்துதானே போகும்!"

கருப்பணன் நின்றான். மெதுவாகத் திரும்பினான்.

"அது நியாயம்தானே!" என்றான்.

நல்லான் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினான். "ரொம்ப நியாயம்!"

சிட்டம்மா மரத்திலிருந்து குதித்து நேராகச் சிறுத்தையின் முதுகிலேயே வந்து இறங்கினாள். பாக்கி என்று வந்துவிட்டால் அவளுக்குப் பயம் கிடையாது. காதருகே குனிந்து கேட்டாள்: "ஐயா, நீங்க மாசா மாசம் கட்டுவீங்களா? இல்ல மொத்தமாவா?"

"எதை?" என்றது சிறுத்தை.

"கிழங்கை!"

"எனக்குக் கிழங்கு பிடிக்கவே பிடிக்காது!"

"நீங்க ஏன் தின்னணும்? தோண்டிக் கொடுத்தால் போதும்," என்றான் நல்லான். "எனக்கும்தான் பிடிக்காது. நான் வாங்கலையா?"

"போன பௌர்ணமிக்கு ஏறின வட்டியும் இருக்கு," என்று கருப்பணன் சிறுத்தையின் தோளில் பாசமாகக் கை போட்டான். கரடியின் கை கனமான கை. சிறுத்தையின் முன்னங்கால் மடங்கியது. "நாளைக்குக் காலையில உங்க குகைக்கே வந்துடறேன். விடியறதுக்கு முன்னாலேயே வருவேன். இருப்பீங்கள்ல?"

சிறுத்தையின் முகம் வெளுத்தது. கடன் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. இதுவரை அது எதையும் கேட்டு வாங்கியதே இல்லை, எடுத்துத்தான் பழக்கம். இப்போது தினமும் காலையில் குகை வாசலில் ஒரு கரடி, ஒரு நீர்நாய், ஒரு அணில். தானோ நகம் தேயக் கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கிறது. நினைத்துப் பார்த்ததும் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

"இது அநியாயம்!" என்று கத்தியது. "முள் இல்லாத முள்ளம்பன்றி, பின்வாசல் விவரத்தோடு, என்று சொல்லித்தானே விற்றான்! கடன் இருப்பதைச் சொல்லவே இல்லையே! ஒரு முழு மான் தொடையை முன்பணமாக வாங்கிக்கொண்டானே!"

"யாரு?" என்று கேட்டான் கருப்பணன்.

"சவ்வாதுராயர்!"

அதைக் கேட்டதும் சடைச்சிக்கு எல்லாம் விளங்கியது. கடைசிக் கட்டம் என்று அந்தப் பூனை சொன்னது இதைத்தானா? வலியையும் பொறுத்துக்கொண்டு ஒவ்வொரு கொத்தாகக் கொண்டுபோய்க் கொடுத்தாளே! வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கி வந்தன. நடந்தது எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டாள்.

எல்லோரும் சேர்ந்து ஆலமரத்தடிக்கு ஓடினார்கள். வாசனை மட்டும்தான் இருந்தது. பூனை இல்லை. அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம். தோகை இல்லாத மயில் ஒன்று விம்மிக்கொண்டிருந்தது. ஓடு இல்லாத நத்தை ஒன்று கூச்சத்தோடு இலைக்குப் பின்னால் நின்றது. சிறுத்தை போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டு, "நானும் ஏமாந்தவன்தான்," என்றது. முன்னால் நின்ற முயல் திரும்பிப் பார்த்து, மயங்கி விழுந்தது.

கிளிகள் இரண்டும் கிளையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தன. "எங்களுக்கும் சம்பளம் பாக்கி," என்றன.

அந்த வழியாக யானையார் வந்தார். சடைச்சி அங்கேயே கிடந்த தேக்கிலையை எடுத்துக் காட்டினாள். யானையார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் மிதிச்சதா? நான் மிதிச்சா இலை இருக்குமா? இது பலாப்பழத்தை வச்சு அமுக்கினது. ஏம்மா, நான் தினம் இந்தப் பக்கம்தானே போறேன், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

சடைச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

சவ்வாதுராயர் அகப்படவே இல்லை. அடுத்த காட்டில் வேறு பெயரில் கடை போட்டிருக்கலாம். பிடுங்கிய முட்களும் திரும்பி வரவில்லை.

அன்று மத்தியானம் சடைச்சி கடன் கொடுத்த மூவரையும் குளக்கரையில் உட்காரவைத்தாள். எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அண்ணாச்சி, உங்க மூணு பேருக்கும் ஒரே நேரத்துல கொடுக்க என்னால முடியலை. இல்லைன்னு சொல்லி ஒளிஞ்சது தப்புதான். கட்டாம ஓட மாட்டேன். ஆனா எப்படிக் கட்டுறதுன்னுதான் தெரியலை."

கருப்பணன் உறுமினான். "இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்? நீ நல்லா இருந்தாத்தானே எனக்குக் கிழங்கு?"

ஆனால் யாருக்கு முதலில் கொடுப்பது என்று வந்ததும் மூவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்தச் சண்டைக்கு நடுவே ஒரு கொக்கு மெல்ல நடந்து வந்து சடைச்சியின் காதில் கிசுகிசுத்தது.

"உங்க கதையைக் கேட்டேன், மனசு தாங்கலை. முள்ளை இழந்தோர் மீட்புச் சங்கம் எங்களுடையது. அந்தப் பூனையிடமிருந்து எல்லா முள்ளையும் மீட்டுத் தருவோம். முன்கட்டணமா வாலில் இருக்கிற முள்ளை மட்டும் கொடுங்க."

சடைச்சிக்கு ஒரு நொடி ஆசை எழுந்தது. முட்கள் திரும்பி வந்தால்! மறுநொடியே வாலை இடுக்கிக்கொண்டாள்.

"உங்களால யாருக்கு முள் திரும்பக் கிடைச்சுது? கூட்டிட்டு வாங்க, நான் பேசிப் பார்க்கிறேன்."

"அது ரகசியம்!"

"அப்போ முள் வந்த பிறகு கட்டணம் தரேன்."

"இன்று மாலை வரைதான் சலுகை!" என்று கொக்கு படபடத்தது.

"அண்ணாச்சி!" என்று சடைச்சி கத்திக் கூப்பிட்டாள். கரடி திரும்பியதும் கொக்கு பறந்துவிட்டது.

சண்டையை நிறுத்த, தண்ணீர் குடிக்கக் குளத்துக்கு வந்த யானையார்தான் ஒரு வழி சொன்னார். "மூஞ்சூறு செங்கமலம் கடனைப் பேசித் தீர்த்து வைக்கிற தொழிலை நெடுங்காலமா செய்றா. அவகிட்டே போங்க. ஆனா ஒரு விஷயம்..." அவர் ஒரு மாதிரி விழித்தார். "நாத்தம் தாங்காது. நான் போகும்போதெல்லாம் தும்பிக்கையில முடிச்சுப் போட்டுக்குவேன்."

செங்கமலம் ஒரு மூங்கில் தூருக்கு அடியில் இருந்தாள். போனவர்களுக்கெல்லாம் கண்ணில் நீர் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். செங்கமலம் வரவேற்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை.

"எவ்வளவு வாங்கினே? எதுக்கு வாங்கினே?" என்று கேட்டாள்.

"மகன் காதுகுத்துக்கு."

"குத்தினீங்களா?"

"இல்லை."

"புத்திசாலித்தனம்தான்!" என்றாள் செங்கமலம்.

சடைச்சிக்குச் சுருக்கென்றது. ஆனால் இந்த முறை அவள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதாக இல்லை. "அக்கா, உங்ககிட்டே கடனை அடைச்சவங்க யாராவது இருக்காங்களா?"

"முள்ளெலி முனியாண்டி. குளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கான். வரிசையா அவன் தம்பிகளும் இருக்காங்க. போய்க் கேட்டுட்டு வா, நான் எங்கேயும் போயிட மாட்டேன்."

சடைச்சி நிஜமாகவே போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தாள்.

"முன்கட்டணம் எவ்வளவு?"

"கடன் அடையட்டும், அப்புறம் வாங்கிக்கறேன். என் கூலி ஒரு கூடை கிழங்கு. இப்போவே இவங்க எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்."

"என் கடன் காணாமல் போகுமா?"

செங்கமலம் சிரித்தாள். மூங்கில் இலைகள் இரண்டு பழுத்து உதிர்ந்தன. "போகாது. நீ வாங்கினதை நீதான் கட்டணும். நாளாகும். ஆனா கட்டுற மாதிரி செய்யலாம்."

சடைச்சி கடைசியாக ஒன்று கேட்டாள். "என் வளைக்குப் பின்வாசல் எங்கேன்னு கேட்க மாட்டீங்களா?"

"உன் பின்வாசல் எனக்கு எதுக்கும்மா? பெருக்கிக் கோலம் போட்டுத் தரணுமா?"

அந்த நொடியில்தான் சடைச்சிக்கு நெஞ்சு லேசானது. கும்பிடவும் இல்லை, கமகமக்கவும் இல்லை. ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது.

சடைச்சி ஒரு நாளைக்கு எவ்வளவு தோண்டுவாள், வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று செங்கமலம் துருவித் துருவிக் கேட்டாள். பிறகு கடன் கொடுத்தவர்களைப் பார்த்துத் திரும்பினாள். "வட்டிக்கு வட்டியை விட்டுக் கொடுங்க. மீதியை நான் என் இருப்பிலிருந்து இப்போவே கொடுத்துடறேன். இல்லைன்னா இவளைத் துரத்திக்கிட்டே திரியுங்க. என்ன சொல்றீங்க? யோசிக்கணும்னா இங்கேயே உட்கார்ந்து சாவகாசமா யோசிங்க."

அந்த நாற்றத்தில் யார் சாவகாசமாக யோசிப்பது? மூவரும் ஒரே குரலில், "சம்மதம்!" என்று கத்தினார்கள். நல்லான் வாங்கிய கிழங்கைத் தலையில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்று தெரியாமல் குளத்துக்கு ஓடினான்.

அன்று முதல் சடைச்சிக்கு ஒரே கடன், ஒரே இடம். அமாவாசைக்கு அமாவாசை ஒரு கூடை கிழங்கு. சில அமாவாசைகளில் அவளும் குட்டியும் அரை வயிற்றோடு படுத்தார்கள். ஒரு தடவை காலம் தப்பிப் பெய்த மழையில் வளைக்குள் தண்ணீர் புகுந்து கிழங்கெல்லாம் அழுகிப்போனது. இந்த முறை அவள் ஒளியவில்லை. விடிந்ததும் நேரே மூங்கில் தூருக்குப் போய், "அக்கா, இந்த மாசம் பாதிதான் முடியும்," என்றாள். செங்கமலம் முணுமுணுத்துத் திட்டிவிட்டு, மீதியை அடுத்த மாதத்தில் சேர்த்தாள்.

மறு வருஷம் மழை சரியாகப் பெய்தது. மண் இளகியது. ஒரு சாயங்காலம் சடைச்சி கடைசிக் கூடையையும், அதோடு கூலிக் கூடையையும் தூக்கிக்கொண்டு போனாள். செங்கமலம் கிழங்குகளை முகர்ந்து பார்த்து உள்ளே தள்ளினாள்.

"முடிஞ்சது. இனி எனக்கு நீ ஒண்ணும் தர வேண்டியதில்லை."

சடைச்சி காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டாள். "அக்கா, நான் அடிக்கடி வந்து உங்களைப் பார்த்துட்டுப் போறேன்," என்றாள்.

"வராதே!" என்றாள் செங்கமலம். "உன்னை மறுபடி இங்கே பார்க்காம இருந்தா அதுதான் எனக்குச் சந்தோஷம். போ, குட்டி காத்துக்கிட்டு இருக்கும்!"

சடைச்சி சிரித்துக்கொண்டே வீட்டை நோக்கி நடந்தாள். வழியில் எதிரே வந்த எல்லோரையும் நிமிர்ந்து பார்த்து நலம் விசாரித்தாள்.

கடன் தீர வழி தேடுபவர்கள், முன்பணம் பிடுங்கி ரகசியம் கேட்டு 'எல்லாம் காணாமல் போகும்' என்று இனிக்கப் பேசுபவரை விட்டு விலகி, கேட்ட கேள்விக்கெல்லாம் எல்லோர் முன்னாலும் பதில் சொல்பவரை விசாரித்தறிந்த பிறகே நம்ப வேண்டும்.